மச்சானின் புலி, என் காக்கை

எனக்குப் பொறாமை உண்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பரிசு வாங்கிய எழுத்தாளர்கள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்கள் படம் பத்திரிகையில் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிட்டு டீ குடிப்பேன். என் பொறாமை முழுவதும் என் மனைவியின் அண்ணன்மேல். அவர் எழுத்தாளர் இல்லை. அவருக்குத் தமிழ் படிக்கவே வராது.

மச்சான் தாராவியில் பிறந்தவர், இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழ்ப் பலகை ஒன்றை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். மெயின் ரோட்டில் தோல் பை, பெல்ட், பர்ஸ் விற்கும் கடை வைத்திருக்கிறார். கையில் தங்கக் காப்பு. பேச்சில் பாதி பொய். எந்த சினிமா நடிகர் பெயரைச் சொன்னாலும் நம்ம கடைக்கு வந்திருக்காரு என்பார். நான் செம்பூரில் இருக்கிறேன், விக்ரோலியில் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன், இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். அந்த இரண்டும் மச்சான் வீட்டு ஷோகேஸில் பிளாஸ்டிக் தாஜ்மஹாலுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் நிற்கின்றன. அவர் படித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தாலாவது சண்டை போடலாம். அதற்கும் வழியில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வாள். புரியும், ஆனால் வாயில் வராது. அவளைத் திட்டிப் பயனில்லை. பள்ளிக்கூடம், விளையாட்டு, லிஃப்ட், எதிர் வீட்டுப் பெண் எல்லாமே இந்திதான். எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. என் கதை ஒன்றை அவள் கடைசிவரை கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கவேண்டும். எழுதுகிறவனுக்கு அந்தக் கேள்விக்குமேல் எந்தப் பரிசும் கிடையாது. இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. என் கதைகளைப் படித்தவர்கள் "நல்லா வந்திருக்கு" என்பார்கள். சமையலைப் பற்றிச் சொல்வதுபோல.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முலுண்டில் ஒரு காதுகுத்து. மதியம் சாப்பிட்டுவிட்டு மச்சான் காரில் திரும்பினோம். காட்கோபர் பக்கம் வந்ததும் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மகளுக்குச் சலிப்பு. போன் கேட்டு அழ ஆரம்பித்தாள். என் மனைவி கொடுக்கவில்லை. நான் ஜன்னல் வழியாக எதையாவது காட்டலாம் என்று பார்த்தேன், காட்ட ஒன்றும் இல்லை.

மச்சான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். "என்ன மருமகளே, போனு வேணுமா, புலி வேணுமா?"

"கௌன்சா புலி?"

"பல்லு இல்லாத புலி."

அழுகை நின்றுவிட்டது. அந்த மூன்று வார்த்தையில்.

"ஒரு காட்டுல ஒரு புலி" என்றார் மச்சான்.

"ஹான்" என்றாள் மகள்.

"அதுக்கு வயசாச்சு."

"ஹான்."

"பல்லு போச்சு."

"சாரா?"

"சாரா. ஒண்ணுகூட மிச்சமில்ல."

"ஹான்."

"வாயை மூடிக்கிடுச்சு."

மகள் இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவளும் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

"மான் வந்துச்சு. ராஜா, சாப்பாடு ஆச்சான்னு கேட்டுச்சு. புலி பேசல. மான் பயந்து போயிருச்சு. பன்னி வந்துச்சு. ராஜா, மழை வருமான்னு கேட்டுச்சு. புலி பேசல. பன்னியும் பயந்து போயிருச்சு. நரி வந்துச்சு."

"ஹான்."

"நரி ஒண்ணும் கேக்கல. பக்கத்துல உக்காந்துச்சு. ராஜா, நேத்து ஒரு கரடி மரத்துல இருந்து விழுந்துச்சுன்னு சொல்லுச்சு. புலி பேசல. கீழ அதோட மாமியார் உக்காந்து தேன் குடிச்சிக்கிட்டு இருந்துச்சுன்னு சொல்லுச்சு. புலி பேசல. மாமியார் மேலயே விழுந்துருச்சு ராஜான்னு சொல்லுச்சு. புலி சிரிச்சிருச்சு."

பின்சீட்டில் மகள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்தாள். மச்சான் பொறுமையாக வண்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார்.

"மறுநாள் முயல் புலி முதுகுல ஏறி உக்காந்திருந்துச்சு."

அவ்வளவுதான். கதை முடிந்துவிட்டது.

"ஃபிர்?" என்றாள் மகள். "மாமா, ஃபிர் கியா ஹுவா?"

"ஃபிர் என்ன ஃபிர். சிக்னல் விழுந்திருச்சு."

ஃபிர் என்றால் அப்புறம். இத்தனை வருடம் நான் காத்திருந்த கேள்வி, இந்தியில், மச்சானுக்குப் போய்விட்டது. செம்பூர் வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. "ஏங்க, உங்களுக்கும் பல்லு போயிருச்சா?" என்று மனைவி கேட்டாள். அதற்கும் பேசவில்லை.

அன்று முதல் அந்தக் கதையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மெக்கானிக் பக்கத்துக் கடைக்காரன் ரிப்பேர் செய்த வண்டியைத் திருட்டுத்தனமாகக் கழற்றிப் பார்ப்பதுபோல. ரயிலில், ஆபீஸ் கேண்டீனில், குளிக்கும்போது. எவ்வளவு கழற்றினாலும் எனக்கு எரிச்சல்தான் கூடியது.

காடு எப்படி இருந்தது என்று அவர் சொல்லவில்லை. ஒரு காடு, அவ்வளவுதான். நான் குர்லா ஸ்டேஷனில் பெய்த மழையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். படித்தவன் ஒருவனும் நனையவில்லை. அவர் ஒரு காட்டுல என்றார், என் மகள் அதற்குள் போய்விட்டாள். மரம் எல்லாம் அவளே நட்டுக்கொண்டாள்.

புலிக்கு அவமானமாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. பல்லு போச்சு, வாயை மூடிக்கிடுச்சு. அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஒரு கிழவனின் முழு அவமானமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. நானாக இருந்தால் அந்த இடைவெளியில் ஒரு பக்கம் எழுதி அடைத்திருப்பேன். கண்ணாடி முன்னால் புலியை நிறுத்தியிருப்பேன். அதன் இளமைக்காலத்தைச் சொல்லியிருப்பேன்.

நரி தந்திரசாலி என்றும் அவர் சொல்லவில்லை. நரி ஒண்ணும் கேக்கல, பக்கத்துல உக்காந்துச்சு. மற்றவை கேட்டன, நரி கேட்கவில்லை. அதிலேயே அதன் மூளை தெரிந்துவிடுகிறது. முடிவில் முயல் வருகிறதே, அதை இப்போதும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கதையில் முயலே கிடையாது. அதுவரை ஒரு வார்த்தை இல்லை. கடைசி வாக்கியத்தில் திடீரென்று வந்து புலி முதுகில் உட்கார்ந்துவிட்டது. நரி போய் ஊர் முழுக்கச் சொன்னது, விலங்குகள் நம்பவில்லை, பிறகு நம்பின, பயம் போனது என்று நான் எழுதியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் அந்த ஒரு முயல் விழுங்கிவிட்டது.

விலங்கு ஏன் பேசுகிறது என்று கேட்பவர் யாரும் இல்லை. விலங்குக்குப் பெயர் இல்லை. எந்த வருடம் என்று இல்லை. யாரோ, எப்போதோ, எழுதத் தெரியாதவர்கள் சேர்ந்து இப்படி ஓர் எழுத்து நடையைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைப் பார்க்கிறபோது என் இரண்டு தொகுப்புகளும் கல்யாண வீட்டுக்கு நகையை எல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த ஆள் மாதிரித் தெரிகின்றன. எனக்கு அந்த நடைமேல் பக்தி வரவில்லை. கோபம்தான் வந்தது. அது மச்சானுக்குக் கிடைத்திருக்கிறது, எனக்குக் கிடைக்கவில்லை.

நானும் ஒரு விலங்குக் கதை எழுதினேன். ஒரு காக்கையின் கதை. செம்பூர் காக்கைதான். எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஏசி பெட்டிமேல் கம்பியும் உடைந்த ஹேங்கரும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்தேன். ரிஃபைனரிப் பக்கம் எழும் புகையை வைத்தேன். அதன் தனிமையை வைத்தேன். சனிக்கிழமை காலையில் மகளை ஹாலில் உட்காரவைத்து வாசித்தேன்.

முதல் வாக்கியம் முடிவதற்குள் "ஹான்" என்றாள்.

"குறுக்கப் பேசாத. கவனி."

இன்னும் கொஞ்சம் வாசித்தேன். மறுபடி "ஹான்" என்றாள்.

"பாப்பா, கதை கேக்கும்போது பேசக்கூடாது. கதைக்கு மரியாதை குடுக்கணும்."

அதன்பிறகு அவள் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் உட்கார்வதுபோல உட்கார்ந்தாள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மாட்டுங்காவில் மாதாமாதம் நாங்கள் கூடுகிற இலக்கியக் கூட்டத்தில் அப்படித்தான். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமுவார்கள். வாசிப்பு முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். அந்த மௌனம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்ல கதை என்று எங்களுக்குள் ஒரு கணக்கு உண்டு.

நான் மூச்சு விட நிறுத்தியபோது மகள் மெதுவாகக் கேட்டாள். "கதம் ஹோகயா?"

"இல்ல. பாதிதான்."

"அச்சா" என்றாள். முகம் வாடியது. பிறகு பாத்ரூம் போகவேண்டும் என்றாள். போனவள் திரும்பவில்லை. எதிர் வீட்டில் அவள் குரல் கேட்டது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "எங்க அண்ணன்ட்ட டியூஷன் போங்களேன். பெல்ட்டும் ஃப்ரீயா கிடைக்கும்."

அவளை முறைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை போனேன். பெல்ட் வாங்குகிறவன்போல தாராவிக்குப் போய், மச்சான் கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மச்சான் ஒரு வாடிக்கையாளரிடம், இந்த மாதிரிப் பையை வெளிநாட்டில்தான் பார்க்கமுடியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வெளிநாடு போனதே இல்லை. ஆள் வாங்கிக்கொண்டு போனதும் கேட்டேன்.

"மச்சான், அந்தப் புலிக் கதையை எனக்கு ஒருக்கச் சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா ஒருத்தன் செம்பூர்ல இருந்து புலியைத் தேடி வருவானா. சரி, கேளும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரு காட்டுல ஒரு புலி."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.

"அதுக்கு வயசாச்சு" என்றார். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "பல்லு போச்சு" என்றார். மறுபடி நிறுத்தினார். "என்ன மாப்ள, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கீரு? ம் கொட்டும்."

"நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன்."

"கேக்கீருன்னு எனக்கு எப்படித் தெரியும்? ம் கொட்டாம கதை எப்படிவே வரும்? சுவத்துட்டயா பேச முடியும்?"

அவர் நடிக்கவில்லை. உண்மையிலேயே கதை நின்றுபோயிருந்தது. எந்நேரமும் பேசுகிற மனுஷன், பேச வராமல் கல்லாமேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அப்படி அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கதை வேண்டுமே.

"ம்" என்றேன்.

"வாயை மூடிக்கிடுச்சு."

"ம்."

கதை ஓட ஆரம்பித்தது. நான் வேண்டுமென்றே ஓரிடத்தில் ம் சொல்லத் தாமதித்தேன். மச்சான் உடனே ஒரு வாக்கியம் கூடச் சேர்த்தார். பன்றிக்குப் பின்னால் ஒரு குரங்கு வந்தது, புலிக்குப் பேன் பார்க்கட்டுமா என்று கேட்டது. இன்னோரிடத்தில் அவர் முடிப்பதற்குள் ம் என்றேன். அவர் ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டுத் தாவினார். காரில் நான் கேட்ட கதையும் இதுவும் ஒன்று இல்லை. கதைக்கு நீளம் போட்டது கேட்டவள்தான். அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நாக்கு தானாகச் செய்துகொண்டிருந்தது.

இந்தக் கதைகளின் வாக்கியம் ஏன் அப்படி இருக்கிறது என்று எனக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் விளங்கியது. ஒரு ம் வந்து நிற்க இடம் விட்டு ஒவ்வொரு வாக்கியமும் முடிகிறது. நாலைந்து வார்த்தைக்குமேல் போனால் கேட்கிறவனுக்கு ம் மறந்துபோகும். மறந்தால் அவன் வேறெங்கோ போய்விட்டான் என்று அர்த்தம். வர்ணனைக்கு யாரும் ம் கொட்டுவதில்லை. வந்துச்சு, போச்சு, விழுந்துச்சு என்று ஏதாவது நடந்தால்தான் கொட்டுவார்கள். என் காக்கைக் கதையில் முதல் பக்கம் முழுக்க ஒரு ம்முக்கு இடமில்லை. அப்படியும் என் மகள் எங்கெங்கோ இடுக்கு கண்டுபிடித்து இரண்டு தடவை கொட்டினாள். அவள் வாயை நான் மூடிவிட்டேன். மரியாதையாம்.

"இந்தக் கதைக்கு என்ன நீதி மச்சான்?" என்று கேட்டேன். அவரை ஓரிடத்திலாவது மடக்கவேண்டும் என்று தோன்றியது. மகளைக் கொஞ்ச நாள் அனுப்பிய தமிழ் வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு கதைக்கும் அடியில் நீதி என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

"நீதி வேணும்னா பாந்த்ரா கோர்ட்டுக்குப் போம். இது புலிக் கதை."

"யாரு சொல்லிக் கேட்டீங்க?"

"யாருக்குத் தெரியும். வாயில கிடக்கு, வருது." எனக்கு ஒரு பெல்ட்டை எடுத்துக் கொடுத்தார். "வச்சிக்கிடும். ஒரிஜினல்."

ரெக்சின்தான். வீட்டுக்கு வந்ததும் உரிந்தது.

அடுத்த இரண்டு வாரம் என் காக்கையை அறுத்தேன். பெயர் போனது, புகை போனது, தனிமை போனது. தனிமையை எடுக்கும்போதுதான் வலித்தது. பேப்பரில் எழுதவில்லை. செம்பூர் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். எதிரில் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒரு ஞாயிறு காலை மகள் பல் தேய்த்துவிட்டு வந்ததும் சொன்னேன்.

"ஒரு காக்கா."

என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் காத்திருந்தேன்.

"ஹான்" என்றாள், பயந்து பயந்து.

"அதுக்குக் குயில் குரல் வேணும்."

"ஹான்."

"குயிலத் தேடிப் போச்சு. உன் குரலைக் கொடுன்னு கேட்டுச்சு. குயிலு, கொடுக்கேன், கண்ணை மூடுன்னு சொல்லுச்சு. காக்கா கண்ணை மூடுச்சு."

"ஹான்."

"குயிலு காக்கா கூட்டுல ஒரு முட்டை போட்டுச்சு. கண்ணைத் திற, கொடுத்தாச்சுன்னு சொல்லுச்சு. காக்கா வாயைத் திறந்துச்சு. கா. வரலியேன்னு கேட்டுச்சு. இன்னைக்கு வராது, பொறு, உன் வீட்டுல இருந்து வரும்னு சொல்லிட்டுக் குயிலு போயிருச்சு."

"ம்" என்றாள் மகள். ஹான் ம்மாக மாறியதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"காக்கா பொறுத்துச்சு. முட்டை பொரிஞ்சுச்சு. காக்கா சோறு ஊட்டுச்சு. ஒரு நாள் கூட்டுக்குள்ள இருந்து கூ-னு சத்தம். காக்கா ஊரெல்லாம் பறந்து போயி, வந்திருச்சு, வந்திருச்சுன்னு சொல்லுச்சு. அது தன் குரல் இல்லைன்னு காக்காவுக்குத் தெரியாது."

கடைசி வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதை யோசித்து யோசித்து வைத்திருந்தேன்.

மகள் கடைசிவரை கேட்டிருந்தாள். எழுந்து போகவில்லை.  ஃபிர் வரும் என்று அவள் வாயையே பார்த்தேன்.

"மம்மி, போன் தோ. மாமாட்ட சொல்லணும்" என்று சமையலறைக்கு ஓடினாள்.

சொன்னாள். வாசல்படியில் உட்கார்ந்து, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, முழுக்கதையையும் சொன்னாள். தமிழில் சொன்னாள். எனக்கு முன்னால் ஒரு தமிழ் வாக்கியம் முழுசாகப் பேசியிராதவள். அந்தப் பக்கம் மச்சான் ம் கொட்டுவது இங்கே கேட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். மனைவி சந்தோஷப்பட்டாள், கண்ணைக்கூடத் துடைத்தாள். நான் அந்த ம்முக்காகப் பொறாமைப்பட்டேன்.

"காக்கா யாருன்னு எனக்குத் தெரியுது" என்றாள் மனைவி.

"உன் சோலியப் பாரு" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மச்சான் மனைவி ஊருக்குப் போயிருந்ததால், அவரையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குச் சாப்பிடப் போனோம். இலை போட்டுப் பரிமாறும் பழைய மெஸ். ஞாயிறு என்றால் மாடிப்படி முழுக்கக் கூட்டம் நிற்கும். டோக்கன் கூப்பிடும்வரை படியில் நிற்கவேண்டும். எங்களுக்கு முன்னால் இரண்டு குழந்தைகளோடு ஒரு குடும்பம், அவர்களுக்கு மேல்படியில் புருஷனோடு ஒரு மாமி. குழந்தைகள் பசியில் சிணுங்கின. என் மகள் மச்சான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, இவங்களுக்கு காக்கா சொல்லு."

என்னிடம் சொல்லவில்லை. காக்கை என்னுடையது, நான் இரண்டு படி கீழேதான் நிற்கிறேன்.

மச்சான் காப்பை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஒரு காக்கா" என்றார்.

படியில் நின்ற குழந்தைகள் மூன்றும் ம் என்றன. நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எங்கே கெடுப்பார், எங்கே மறப்பார் என்று காத்திருந்தேன். என் சொற்களை அப்படியே சொல்லிக்கொண்டு போனார். குயில் முட்டை போட்டது. காக்கை கண்ணைத் திறந்தது, வாயைத் திறந்தது.

"கா" என்றார் மச்சான். "குயிலு தலையை ஆட்டுச்சு. பாதி வந்திருச்சு. மீதி உன் வீட்டுல இருந்து வரும்."

படி முழுக்கச் சிரிப்பு. மாமியின் புருஷன்கூடச் சிரித்தார்.

பாதி வந்திருச்சு. இரண்டு வார்த்தை. செம்பூர் ஸ்டேஷன் ரோடு முழுக்கப் பைத்தியம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு நடந்தவன் நான். எனக்கு அது வரவில்லை. இவருக்கு மாடிப்படியில், பசியோடு நிற்கும்போது, சும்மா வந்துவிட்டது. அதோடு விட்டாரா? கடைசியில், "காக்கா ஊரெல்லாம் பறந்து போயி, வந்திருச்சு வந்திருச்சுன்னு சொல்லுச்சு" என்று முடித்துவிட்டார். என் கடைசி வாக்கியம் இல்லை. நான் யோசித்து யோசித்து வைத்த வாக்கியம். இல்லாமல்தான் கதை நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. தெரியாது என்று காக்கைக்காக நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. மூன்று குழந்தைகளுக்கும் அது தெரிந்திருந்தது, முகத்தில் தெரிந்தது.

மாமி மேல்படியிலிருந்து குனிந்தாள். "நன்னாச் சொன்னேள். எங்கேந்து கேட்டது இது?"

"பழைய கதை மாமி" என்றார் மச்சான்.

"இல்ல. என் கதை" என்றேன். குரல் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. "நான்தான் எழுதினேன். இப்பத்தான்."

மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதியிருப்பேள். நான் பாவாடை கட்டிண்டு திரியற நாள்லயே கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்க முடியாது மாமி. இல்லாத கதையை எப்படிக் கேப்பீங்க?"

"அந்தப் பாதி வந்துடுத்துங்கற எடம் எனக்கு நன்னா ஞாபகம் இருக்கே" என்றாள் மாமி.

மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார். என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலே டோக்கன் கூப்பிட்டார்கள், மாமி புருஷனை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவரிடம் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வாக்கியம் இல்லாமல்.

எங்கள் முறை வந்து உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம். நான் யாரையும் பார்க்காமல் சாதத்தைப் பிசைந்தேன். மகள் எனக்கும் மச்சானுக்கும் நடுவில் இருந்தாள். அப்பளத்தை உடைத்தபடி மச்சானிடம் கேட்டாள்.

"மாமா, அந்தக் குயில் குஞ்சு ஃபிர் என்ன பண்ணுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மச்சான் சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "உங்க அப்பாவைக் கேளு. அவருதான ஓனரு."

மகள் என் பக்கம் திரும்பினாள். வாயில் அப்பளம். "அப்பா, ஃபிர்?"

 வந்திருச்சு என்பதற்குமேல் நான் யோசித்ததே இல்லை. பரிமாறுகிறவர் சாதத்தோடு வந்து நின்றார், கையைக் காட்டிப் போகச் சொன்னேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. மச்சானும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இலைமேல் குனிந்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அந்தக் காதை நான் பார்த்தேன். எது விழுந்தாலும் அள்ளிக்கொண்டு போய்த் தாராவியில் நன்றாகத் துடைத்து விற்பதற்குத் தயாராக இருந்தது.

நான் மகளின் தலையை அணைத்து இழுத்து, அவள் காதுக்குள், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னேன். "குயில் குஞ்சுக்குக் காக்கா குரல் வேணும்."

"ம்" என்றாள்.

"என்ன மாப்ள, சத்தமாச் சொல்லும். எங்களுக்கும் கேக்கட்டும்."

நான் கேட்காததுபோல இன்னும் குனிந்து அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன்.